காய்ச்சல் நாளின் கூலி

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காக ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அங்குள்ள சிவப்புப் பாலத்தைப் பற்றியும், பாலத்தை விழுங்கும் மூடுபனியைப் பற்றியும் சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனத்தை விட்டுப் போகாமல் நிற்பது பாலம் அல்ல. ஒரு சின்ன ஹோட்டலின் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதம்.

மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பேச்சுத் துணை இல்லை. ஆகவே, மிஷன் என்ற பகுதியில் உள்ள அந்த ஹோட்டலுக்குத் தினமும் பத்து மணிக்குப் போய்க் காப்பி குடிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். முதலாளி இளம் வயதில் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர். எட்டுப் பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். கூட்டம் குறைந்த நேரமாகையால் அவரும் என் மேஜையில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று மன்னித்துக்கொண்டு நடந்தன.

எனக்குக் காப்பி கொண்டுவரும் பெண் ஒருநாள் வரவில்லை. வேறொரு பையன் கொண்டுவந்து வைத்தான்.

"அந்தப் பெண் எங்கே?" என்று கேட்டேன்.

"காய்ச்சலாம். காலையில் டெலிபோன் செய்தாள்."

"பாவம்! இன்றைய சம்பளம் போயிற்றே" என்றேன்.

முதலாளி பதில் சொல்லாமல் கட்டை விரலால் சுவரைக் காட்டினார். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் என்று மூன்று மொழிகளில் அச்சடித்த காகிதம் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். இந்த நகரத்தில் வேலை செய்கிற யாராயிருந்தாலும் உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை என்று அதில் கண்டிருந்தது.

நான் ஆச்சரியப்பட்டது சட்டத்தைக் கண்டு அல்ல. இத்தனை பணக்கார தேசத்தில் இதற்கு ஒரு ஊர் தனியாகச் சட்டம் போடவேண்டியிருந்ததே என்றுதான்.

நம்மில் பலருக்கு இது தெரியாது. அமெரிக்காவில் தனியார் முதலாளி, நோயாளியான தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இன்றுவரை இல்லை. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது பன்னிரண்டு வாரம் வரை லீவு தருகிறது. ஆனால் சம்பளம் கிடையாது. ஐம்பது பேருக்குக் குறைந்த கம்பெனியைப் பெரும்பாலும் அது தொடுவதும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது ஒரு பகுதித் தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள லீவை மத்திய அரசு கட்டாயமாக்கிற்று. அந்த ஆண்டு முடிந்ததும் அந்தக் கட்டாயமும் முடிந்துவிட்டது. மேலே கேட்டுக் கிடைக்காததை ஊர்கள் கீழே செய்துகொண்டன. முதலில் செய்த ஊர் ஸான்பிரான்ஸிஸ்கோ. 2006 நவம்பரில் ஜனங்களே நேரடியாக வாக்களித்தார்கள். நூற்றுக்கு அறுபதுக்கு மேல் 'வேண்டும்' என்றார்கள். 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

கணக்கு எளிமையானது. முப்பது மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர லீவு சேரும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானால் நாற்பது மணி வரை சேர்த்துக்கொள்ளலாம். பெரிய இடமானால் எழுபத்திரண்டு மணி. வேலையை விட்டுப் போகும்போது மிச்ச லீவைக் காசாக்கிக் கொடு என்று கேட்கமுடியாது. நோய்க்கு என்று சேர்த்தது நோய்க்குத்தான்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதலாளி தம் கட்சியைச் சொன்னார். அதை அப்படியே எழுதிவிடுவதுதான் நியாயம்.

"இன்றைக்கு வீட்டில் படுத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நான்தான் சம்பளம் கொடுக்கிறேன். அவளுக்குப் பதிலாக நிற்கிறானே இந்தப் பையன், அவனுக்கும் நான்தான் கொடுக்கிறேன். நீங்கள் குடித்தது ஒரு காப்பி. கூலி இரண்டு பேருக்கு. பெரிய கம்பெனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. எனக்கு இது நாளைக்குத் தக்காளி வாங்க வைத்திருந்த பணம்."

"அப்படியானால் இந்தச் சட்டம் வேண்டாம் என்கிறீர்களா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தேன். காய்ச்சலோடு தேய்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்கோடும் தேய்த்திருக்கிறேன். யார் யாருடைய தட்டையோ!" என்றார். பிறகு தெருவைக் காட்டி, "எதிரே இருக்கிறானே, அவனும் கொடுத்தாகவேண்டும். அதுதான் எனக்கு ஆறுதல். நான் மட்டும் கொடுத்தால் என் காப்பியின் விலை ஏறும், நீங்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவீர்கள்" என்றார்.

நான் போகமாட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, நம்பாததும் சரிதான்.

அன்று மாலை மகளிடம் இந்தப் பேச்சைச் சொன்னேன். அவள் இத்தகைய விஷயங்களில் என்னைவிட விவரம் அறிந்தவள். அவள் தந்தவற்றையும், பிறகு நானே தேடிப் படித்தவற்றையும் வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

முதலில் முதலாளியின் தக்காளிப் பணம். வாரம் நாற்பது மணி வேலை செய்பவர் ஆண்டுக்கு 2,080 மணி உழைக்கிறார். முப்பது மணிக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு ஆண்டில் சேரக்கூடிய லீவு எழுபது மணிக்கும் குறைவு. நூற்றுக்கு நான்கு கூட ஆகவில்லை. அதையும் எல்லாரும் எடுத்துவிடுகிறார்களா என்றால், இல்லை. அந்நகரத்தில் சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குப் பின், 2011-ல், ஓர் ஆய்வு நிறுவனம் எழுநூற்றுக்கு மேற்பட்ட முதலாளிகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளையும் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. சாதாரணமாக ஒரு தொழிலாளி ஆண்டில் எடுத்தது மூன்று நாள். நான்கில் ஒருவர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ஏழு முதலாளிகளில் ஆறு பேர் தங்கள் லாபத்துக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு முதலாளிகள் சட்டத்தை ஆதரித்தார்கள். ஆரம்பத்தில் எதிர்த்து நின்ற ஹோட்டல்காரர்கள் சங்கத்தின் நிர்வாகியே, குறைந்த செலவில் கிடைத்த நல்ல ஏற்பாடு இது என்று பின்னால் ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் ஏழில் ஆறு பேரைச் சொல்லிவிட்டு ஏழாமவரை விட்டுவிட்டால் அது வக்கீலின் பேச்சாகும். அந்த ஏழாமவர் என் ஹோட்டல்காரரைப் போன்றவராகத்தான் இருக்கவேண்டும். ஏற்கனவே ஏதோ ஒரு பெயரில் லீவு கொடுத்துவந்த பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் பெயரை மாற்றிற்று, அவ்வளவுதான். கொடுக்காதவருக்குத்தான் அது உண்மையான செலவு. அதே விசாரணையில், மிகக் குறைந்த கூலி வாங்குகிறவர்களில் கணிசமான பேர், தங்கள் இடத்தில் ஆட்குறைப்போ வேலை மணிக் குறைப்போ நடந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாடே பொருளாதார மந்தத்தில் சிக்கிய ஆண்டுகள் அவை. எது சட்டத்தால் வந்தது, எது மந்தத்தால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். பின்னால் வேறு பல ஊர்களையும் மாநிலங்களையும் சேர்த்து ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், இந்தச் சட்டங்களால் வேலையோ கூலியோ குறைந்ததற்கு அத்தாட்சி காணவில்லை. இருந்தாலும், சட்டத்துக்குச் செலவே இல்லை என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். ஒரு நல்ல காரியத்துக்கு விலையே இல்லை என்று சொல்லி அதை விற்கவேண்டிய அவசியமும் இல்லை.

இனி, இதற்குள் இருக்கிற பழைய கேள்விக்கு வருகிறேன். உழைக்காத நாளுக்கு எப்படிக் கூலி கேட்பது?

இதைக் கருமியின் கேள்வி என்று தள்ளிவிடக்கூடாது. ஒரு நீதிமன்றமே இதில் நின்று யோசித்திருக்கிறது. டெக்ஸஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரசபை 2018-ல் இதே மாதிரி ஒரு சட்டம் செய்தது. அந்த மாநிலத்தில் நகரசபைகள் தாமாகக் கூலியை நிர்ணயிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. நோய் நாளுக்குச் சம்பளம் கொடுப்பதென்றால், உழைத்த மணிகளுக்கு அதிகக் கூலி கொடுப்பது என்றுதானே அர்த்தம், ஆகவே இதுவும் கூலி நிர்ணயம்தான் என்று அப்பீல் நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஆஸ்டின் சட்டம் உயிர் பெறவே இல்லை. மில்வாக்கி நகரத்தில் 2008-ல் ஜனங்கள் பெரும்பான்மையாக வாக்களித்து ஏற்ற சட்டத்தை 2011-ல் மாநில அரசு தன் சட்டத்தால் இல்லாமலாக்கிற்று. மின்னியாபொலிஸ் நகரத்தின் சட்டமோ வழக்கில் தப்பிப் பிழைத்தது. 2020-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆக, ஒரே தேசத்தில் ஒருவனுடைய காய்ச்சலுக்குக் கூலி உண்டா இல்லையா என்பது அவன் எந்த ஆற்றுக்கு எந்தக் கரையில் வேலை செய்கிறான் என்பதைப் பொறுத்திருக்கிறது.

அந்த அப்பீல் நீதிபதிகளோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகிறேன். நோய் நாளின் சம்பளம் தர்மம் அல்ல; கூலியின் ஒரு பகுதிதான். அவர்கள் அதைச் சட்டத்தைத் தள்ளுவதற்குக் காரணமாகச் சொன்னார்கள். எனக்கோ அதுவே சட்டத்தின் நியாயமாகப் படுகிறது. ஒரு மனிதனை வேலைக்கு அமர்த்தும்போது நாம் அமர்த்துவது இரண்டு கைகளை மட்டும் அல்ல. அந்தக் கைகளோடு ஓர் உடம்பும் வருகிறது. அது ஆண்டில் சில நாள் படுக்கும் என்பது அமர்த்துகிற அன்றே நமக்குத் தெரியும். வண்டி மாடு வைத்திருப்பவன், மாடு நொண்டுகிற நாளில் வைக்கோல் போடமாட்டேன் என்று சொல்வதில்லை. இயந்திரம் வாங்கியவன் பழுது பார்க்கும் செலவை இயந்திரத்திடம் கேட்பதில்லை. மனிதனிடத்தில் மட்டும், ஓடுகிறவரையில் உன் பங்கு, நின்றுபோனால் உன் பாடு என்று கணக்குப் போடுகிறோம். மாட்டுக்கும் இயந்திரத்துக்கும் நாம் சொந்தக்காரர்கள், மனிதனுக்கு அப்படி இல்லை என்று யாராவது வாதாடலாம். அவன் சுதந்திரமாக இருப்பதற்கு இது தண்டனையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அடுத்த கேள்வி, பொய். சம்பளத்தோடு லீவு என்றால் எல்லாருக்கும் திங்கட்கிழமைதோறும் தலைவலி வந்துவிடாதா? நாவல் எழுதுகிறவன் மனிதர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று எழுதினால் அவனுடைய கதைகளை யார் படிப்பார்கள்? பொய் சொல்வார்கள். ஜெர்மனியில் 1996-ல் நோய்ச் சம்பளத்தை நூற்றிலிருந்து எண்பது சதவிகிதமாகக் குறைத்தபோது லீவு எடுப்பதும் குறைந்தது; 1999-ல் அங்கே மறுபடி முழுச் சம்பளமாக்கிவிட்டார்கள். பணம் மனிதனின் உடம்போடு பேசுகிறது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் குறைந்த அந்த லீவுகளில் எத்தனை பொய்த் தலைவலி, எத்தனை உண்மைக் காய்ச்சல் வேலைக்குப் போயிற்று என்பதை எந்தப் புள்ளிவிவரம் சொல்லும்?

நியூயார்க்கில் 2013-ல் நகரசபை இந்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது மேயர் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். சபை மறுபடியும் வாக்கெடுத்து அவர் மறுப்பைத் தாண்டிச் சட்டமாக்கிற்று. 2014 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. தொடர்ந்து மூன்று வேலை நாளுக்கு மேல் வராவிட்டால்தான் டாக்டர் சர்டிபிகேட் கேட்கலாம் என்று அதில் ஒரு விதி. மூன்று நாள் வரையில் தொழிலாளியின் வாய்வார்த்தைதான் சாட்சி. இரண்டு ஆண்டு கழித்து முந்நூற்றைம்பது முதலாளிகளை விசாரித்த இரண்டு ஆராய்ச்சியாளர்களிடம், தங்களுக்குத் தெரிந்து யாரும் இந்த லீவைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சொன்னார்கள். வியாபாரச் செலவு கூடவில்லை என்றவர்கள் ஏறக்குறைய எண்பத்தைந்து பேர்.

அளவு வைத்துக் கொடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லீவு அவனுடைய சொந்தச் சேமிப்பு. இன்று பொய்க்குச் செலவழித்தால் நாளை மெய்க்கு இருக்காது. பிறர் பணத்தை ஏமாற்றத் துணிகிறவனும் தன் உண்டியலைத் தானே உடைக்க யோசிப்பான்.

பொய்யைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொரு பொய்யை மறந்துவிடுகிறார்கள். நோய் இல்லாதவன் நோய் என்று சொல்வது ஒன்று. நோய் உள்ளவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வருவது மற்றொன்று. 2011-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஹோட்டல் தொழிலாளர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் முந்திய ஓராண்டில் இரண்டு முறையாவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதே வேலைக்கு வந்ததாகச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறது. மாற்று ஆள் இல்லாத இடங்களிலும், கூட்டம் நெரிகிற இடங்களிலும் இது அதிகம். தான் வராவிட்டால் மற்றவர்களுக்கு இரட்டை வேலையாகுமே என்ற எண்ணமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் இட்ட உணவை யாரோ ஒரு குழந்தை சாப்பிடுகிறது.

நோய் நாளுக்கு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். நான் கண்டுகொண்ட உண்மை இது ஒன்றுதான். சட்டம் இல்லாத ஊரில் அந்த விலையைத் தொழிலாளி கொடுக்கிறான். அவனால் முடியாதபோது அவன் பக்கத்தில் வேலை செய்கிறவன் கொடுக்கிறான். பஸ்ஸில் அவன் அருகே உட்கார்ந்தவன் கொடுக்கிறான். தட்டில் சாப்பிட்டவன் கொடுக்கிறான். அமெரிக்க நகரங்களில் இந்தச் சட்டங்கள் வந்த பிறகு அங்கே சளிக்காய்ச்சல் பரவுவது குறைந்திருக்கிறது என்று 2017-ல் இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். விலையைப் புதிதாக உண்டாக்கியது சட்டம் அல்ல. யார் யாரோ தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்ததை, தெரிந்த ஒருவர் தெரிந்த அளவில் கொடுக்கும்படி செய்தது. அந்த ஒருவர் சில சமயம் என் ஹோட்டல்காரரைப் போல எளிய மனிதராக இருந்துவிடுகிறார் என்பது வருத்தம்தான். அவருக்குக் கைகொடுப்பது எப்படி என்று யோசிக்கவேண்டும். அதற்காக விலையை மறுபடியும் காப்பி கொண்டுவரும் பெண்ணின் தலையில் போட்டுவிட முடியாது.

அந்தக் காகிதத்தில் இன்னொரு வரி என்னைக் கவர்ந்தது. லீவை உன் நோய்க்கு மட்டும் அல்ல, உன் தாய் தகப்பன், குழந்தை, கூடப் பிறந்தவர், பாட்டன் பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரைக் கவனிக்கவும் எடுக்கலாம். கணவனோ மனைவியோ இல்லாதவர், தாம் கவனிக்க விரும்பும் யாராவது ஒருவரைத் தாமே குறித்துக் கொடுக்கலாம். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் இல்லாத ஒருவன், 'எனக்கு இவர் வேண்டும்' என்று ஒரு பெயரை எழுதிக் கொடுக்கிறான். சர்க்காரும் 'சரி, அவர் உனக்குச் சொந்தம்' என்று ஒப்புக்கொள்கிறது. இதைப் படித்தபோது என் கண் கலங்கியது என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

இவ்வளவும் எழுதியவன், எழுதாமல் ஒளித்துவைத்த ஒன்றை இனிச் சொல்லவேண்டும்.

முதலாளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. மில், புகைபோக்கி, கார், தொந்தி. என் நாவல்களிலும் அப்படிப்பட்டவர்களை நான் வைத்திருக்கிறேன். அந்த ஹோட்டலில் உட்கார்ந்து, 'பாவம், இன்றைய சம்பளம் போயிற்றே' என்று நான் சொன்ன கணத்தில் எனக்கு ஒன்று தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. இரவு படுத்த பிறகுதான் தோன்றிற்று. நானும் ஒரு முதலாளி.

சென்னையில் எங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிற ஓர் அம்மாள் இருக்கிறார். பெயர் வேண்டாம். வீட்டுச் செலவுக் கணக்கை எழுதுவது நான்தான். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு, காலணா பிசகாது. நான் அமெரிக்கா போவதற்கு முந்திய ஆண்டு அந்த அம்மாள் காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை. மாதக் கடைசியில் 'வராத நாள் 4' என்று எழுதி அதற்குரிய பணத்தைக் கழித்துக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் புடைவை எடுத்துக் கொடுத்திருக்கிறோம், பேரன் பள்ளிக்கூடத்துக்கு உதவியிருக்கிறோம். அவை வேறு, கணக்கு வேறு என்பது என் கொள்கை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவர் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. "உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போங்களேன்" என்றேன்; அன்பாகத்தான் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். எவ்வளவு விசுவாசம் என்று மனைவியிடம் வியந்து பேசினேன். அந்த வாரக் கடைசியில் மனைவி படுத்தாள். பிறகு நான் படுத்தேன். ஊரெல்லாம் காய்ச்சல் என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். நான்கு நாள் கூலியை மிச்சம் பிடித்த நான் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுத்ததை வேறு தலைப்பில் எழுதினேன். இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது காலணா பிசகாத அந்தக் கணக்கனுக்குத் தெரியவில்லை.

நம் மாநிலத்துச் சட்டம் அமெரிக்க நகரங்களுக்கு மிக மூத்தது. சென்னை மாகாணமாக இருந்தபோதே, 1947-ல், கடைகள் நிறுவனங்கள் சட்டம் வந்துவிட்டது. கடையில் வேலை செய்கிறவருக்கு ஆண்டில் பன்னிரண்டு நாள் வரை சம்பளத்தோடு நோய் லீவு அதில் உண்டு. ஆனால் வீடு கடை அல்ல. பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ஸான்பிரான்ஸிஸ்கோவில் வீட்டு வேலைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பிய முதல் வாரமே அந்த அம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. "இனிமேல் வருஷத்தில் பன்னிரண்டு நாள் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வரவேண்டாம். போன் செய்து சொன்னால் போதும். சம்பளம் கழிக்கமாட்டேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏன் ஐயா, வேற ஆள் பாத்துட்டீங்களா?" என்றார்.

இல்லை இல்லை என்று சமாதானம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மனைவி வந்து விளக்கிய பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. நான் அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினேன். ஒரே மொழியில்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் மறுபடியும் காய்ச்சலோடு வந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுதான் எழுதி ஒட்டியிருக்கிறேனே! ஏன் வந்தீர்கள்?" என்றேன்.

"நீங்க கழிக்கமாட்டீங்க ஐயா. மத்த மூணு வீட்டுல கழிப்பாங்களே. அங்க போய்த்தானே ஆகணும்? போற வழியில இதையும் முடிச்சுட்டுப் போலாம்னுதான்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. எதிர்க் கடைக்காரனும் கொடுத்தாகவேண்டும், அதுதான் ஆறுதல் என்று அந்த மெக்ஸிகோக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று நான் அதை ஒரு வியாபாரியின் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற மூன்று வீடுகளும் எங்கள் தெருவில்தான் இருக்கின்றன. மூவரும் நல்லவர்கள், என் புத்தகங்களைப் படிப்பவர்கள். இந்தக் கட்டுரையையும் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.